பொறுப்பு என்ற கட்டத்தில் ஒரு பெயர்

எங்கள் ஆலையில் ஓர் இயந்திரம் நின்றுவிட்டால், அதை மறுபடி ஓட வைப்பது எப்படி என்று யோசிப்பதற்கு முன்பே, பழியை யார் தலையில் கட்டுவது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவோம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த வேலையில் நானே கெட்டிக்காரனாக இருந்தவன். இயந்திரம் நின்றால் ‘ஒய்-ஒய் ஷீட்’ என்று ஒரு தாள் நிரப்ப வேண்டும். ஏன் நின்றது? பெல்ட் அறுந்தது. ஏன் அறுந்தது? சூடேறியது. ஏன் சூடேறியது? இப்படி ஐந்து முறை ‘ஏன்’ கேட்டுக்கொண்டே போய், கடைசியில் ‘பொறுப்பு’ என்ற கட்டத்தில் வந்து நிற்க வேண்டும். அங்கே என்ன எழுதுவது என்பதில் எங்களுக்குள் குழப்பமே வந்ததில்லை. ‘ஆபரேட்டர் கவனக்குறைவு.’ ஆபரேட்டர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. மறுத்துப் பேச மாட்டான். தாள் கோப்புக்குப் போய்விடும், நாங்கள் டீக்குப் போய்விடுவோம்.

அந்தக் கட்டத்தில் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்ட ஒரே ஓர் ஆளைத்தான் என் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். தகட்டை அழுத்திக் கார்ப் பாகங்கள் செய்யும் பிரஸ் ஷாப்பில் பராமரிப்புப் பொறியாளராக இருந்தார். நான் அவருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, எந்த இயந்திரத்துக்கு எப்போது எண்ணெய், எப்போது கிரீஸ் என்று அட்டவணை போடுகிறவன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து படப்பையில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். அவர் மணிமங்கலத்துக்காரர். வீட்டில் நிலமும் மாடும் இருந்தன. டிப்ளமோ முடித்து வேலைக்கு வந்து, வேலை பார்த்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் பொறியியல் பட்டம் வாங்கியவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் ‘மேடம்’ என்பேன். அவர் என்னை ‘இன்னாபா’ என்பார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. தன் பெயரை எங்கே எழுத வேண்டும் என்பதில் அவருக்குக் கறாரான அபிப்பிராயங்கள் உண்டு. அதில் நான் கை வைக்கக் கூடாது.

முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. தவறு என்னுடையது. ஒரு பிரஸ் இயந்திரத்துக்கு கிரீஸ் வைக்க வேண்டிய வாரத்தை அட்டவணையில் விட்டுவிட்டேன். பேரிங் இறுகி, லைன் இரண்டு மணி நேரம் நின்றது. நான் வழக்கப்படி தாளை நிரப்பி, வழக்கப்படி ஆபரேட்டரை மாட்டிவிட்டு, அவரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் படித்தார். பேனாவை எடுத்து ஆபரேட்டரை அடித்துவிட்டு, அதற்குமேல் தன் பெயரை எழுதினார். என் பெயரை எழுதவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவரிடம் போய், “மேடம், அந்தத் தாள்ல என் பேரையும் எழுதிக்கிடுதேன்” என்றேன்.

“கட்டம் சின்னதுபா. ரெண்டு பேருக்கு எடம் இல்ல.”

“அது நான் பண்ணுன தப்புல்லா மேடம்?”

“நீ அட்டவணைல வுட்ட. நான் தெனம் அந்த மிஷின் பக்கமா போயிட்டு வரேன். சத்தம் மாறிகினு கீது, என் காதுல வுழல. மிஷின் யாருது? என்னுது. அப்ப யார் பேரு?” என்றவர், “உன் பேர எழுதணும்னா உனக்குனு ஒரு மிஷின வெச்சிக்கோ” என்றார்.

கேட்கிறவர்கள் இதை அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். அடக்கமாவது, ஒன்றாவது! அது சுத்தமான தலைக்கனம். இந்த ஷெட்டுக்குள் எனக்குத் தெரியாமல் ஒரு போல்ட்கூடத் தளரக் கூடாது, தளர்ந்தால் அது என் போல்ட், அதற்கு வேறு எவன் பெயர் போடுவது என்ற திமிர். அதிலும் அந்த இருபது டன் கிரேன் என்றால் கேட்கவே வேண்டாம். ஷெட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை தலைக்கு மேலே தண்டவாளத்தில் ஓடும் கிரேன். கார்க் கதவையும் கூரையையும் அழுத்தி எடுக்கிற ராட்சச இரும்பு அச்சுகளை, நாங்கள் ‘டை’ என்போம், இந்தக் கிரேன்தான் தூக்கிக்கொண்டு போகும். அதன் கீழே நூறு பேர் வேலை செய்வார்கள். மாதம் ஒரு முறை அவர் ஏணியேறி மேலே போய், அதன் இரும்புக் கயிற்றின் ஒவ்வோர் இழையையும் துணியால் தடவிப் பார்ப்பார். பெண்கள் அளவில் பாதுகாப்பு ஷூ கிடைக்காத காலம். ஆண்களின் ஷூவை வாங்கி, இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டு ஏறுவார்.

ஆலைக்கு வெளியிலும் இதே கதைதான். எங்களோடு வேலை செய்த ஒருவரின் கல்யாணம் படப்பையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பந்தியில் உட்காரப் போனவர் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். பிறகு இலை போட்ட இடத்தை விட்டு நாலு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார். எங்களையும் தள்ளி உட்காரச் சொன்னார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவின கையோடு மண்டப மேனேஜரைத் தேடிப் பிடித்து, “அந்த மூணாவது ஃபேனுக்கு பின்னு இல்ல, ஏணி போட்டு பாருங்க” என்றார். மேனேஜர் ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு ஏணி போட்டார். விசிறியைக் கொக்கியில் நழுவாமல் பிடித்திருக்க வேண்டிய பின் இல்லை. அதன்பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் நாங்கள் அவர் எங்கே உட்காருகிறாரோ அந்த வரிசையில்தான் உட்காருவோம். சாம்பார் கடைசியாக வந்தாலும் பரவாயில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு குறை இருந்தது. அது பெரிய குறை.

வருடம் ஒரு முறை கிரேனைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். சான்று இல்லாமல் ஓட்டக் கூடாது. அதில் கையெழுத்துப் போட உரிமம் பெற்ற பொறியாளரால்தான் முடியும். எங்கள் ஆலைக்கு வெளியிலிருந்து ஒருவர் வருவார். வெள்ளைக் காரில், இஸ்திரி கலையாத சட்டையில். பெரிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கைசுத்தமானவர், விவரமானவர். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் சோதனைக்கு எடை ஏற்பாடு செய்வது, மேலே ஏறி அளப்பது, குறிப்பது எல்லாம் எங்கள் மேடம். வெளியிலிருந்து வந்தவர் கீழே நின்று பார்ப்பார், கேட்பார், சரிபார்ப்பார், கையெழுத்துப் போட்டு வட்ட முத்திரை குத்துவார். சான்றைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு பிரஸ் ஷாப் வாசலில் மாட்டுவார்கள். அதில் அவர் பெயர் இருக்கும்.

ஒருநாள் அந்தச் சட்டத்தின் முன்னால் நின்றுகொண்டு மேடம் என்னிடம் சொன்னார்: “கோப்புல பழுது தாள் எத்தினி கீது, எல்லாத்துலயும் என் பேரு. சான்று இத்தினி கீது, ஒண்ணுத்துல கூட இல்ல. இன்னா நாயம்பா இது?”

அன்றுதான் அவருக்கு உரிமம் வாங்க வேண்டும் என்ற வெறி இருப்பது எனக்குத் தெரிந்தது. வெறி என்று தெரிந்தேதான் சொல்கிறேன். தொழில்முறைப் பொறியாளர் உரிமத்துக்குப் பட்டம் மட்டும் போதாது. இத்தனை வருட அனுபவம் வேண்டும், செய்த வேலைகளைப் பற்றி விரிவாக எழுத வேண்டும், ஏற்கெனவே உரிமம் பெற்ற ஒருவர், நம் வேலையை நேரில் பார்த்தவர், பரிந்துரை எழுத வேண்டும். பிறகு மூன்று பேர் உட்கார்ந்து நேர்காணல் நடத்துவார்கள். மேடம் மதிய உணவு இடைவேளையில் நின்றுகொண்டே புளிச்சோறு சாப்பிடுவார், மற்றொரு கையால் விண்ணப்பத்துக்குக் குறிப்பு எழுதுவார். வீட்டில் சொன்னபோது மாமியார், “லைசென்ஸா? அதான் உம் புருசன் கம்பெனி பஸ்ஸு ஓட்டறானே, வூட்டுக்கு ஒரு ஹெவி லைசென்ஸு போதாதா?” என்று கேட்டாராம். அதைச் சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

பரிந்துரை எழுதத் தகுதியானவர் அந்த வெள்ளைக் கார்க்காரர் ஒருவர்தான். வேறு உரிமதாரர் யாரும் இவர் வேலையைப் பார்த்ததில்லை. அந்த வருடச் சோதனை முடிந்து கிளம்பும்போது மேடம் தயங்கித் தயங்கிப் படிவத்தை நீட்டினார். அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். “நீங்க கேக்கவே இல்லையேன்னு நெனச்சிட்டிருந்தேன். எழுதி நானே நேரா உரிமம் குடுக்கற அமைப்புக்கு அனுப்பிடறேன். அதுதான் முறை” என்றார். கார் வாசலைத் தாண்டும் வரை மேடம் வெயிலில் நின்றார்.

பதினைந்து நாள் கழித்துத்தான் வினை வந்தது.

சோதனை என்பது இதுதான். இருபது டன் கிரேன் இருபத்தைந்து டன்னைத் தூக்கிக் காட்ட வேண்டும். எங்களிடம் அளந்து வைத்த எடைக்கற்கள் கிடையாது. அதனால் பெரிய டை ஒன்றையும் இரும்புத் தகட்டுச் சுருள் ஒன்றையும் சேர்த்துக் கட்டித் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். டையின் பக்கவாட்டில் மஞ்சள் பெயின்ட்டில் ‘18 டன்’ என்று எழுதியிருக்கும். சுருளின் சீட்டில் 7 டன். கூட்டினால் இருபத்தைந்து. காலங்காலமாக அப்படித்தான். அந்த டையை ஒரு பழுதுக்காக வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. டிரெய்லர் வாசலில் எடைமேடையில் ஏறி இறங்கியது. கேட்டில் வேறு ஏதோ வேலையாக நின்ற மேடம், பழக்கதோஷத்தில் எடைச்சீட்டை வாங்கிப் பார்த்தார். வண்டியின் எடையைக் கழித்துப் பார்த்தார். மறுபடி கழித்தார். பதினைந்து டன்தான் வந்தது.

கார் மாடல் மாறியபோது அந்த டைக்குள்ளிருந்த ஒரு பெரிய பாளத்தை எடுத்துவிட்டிருக்கிறார்கள். மஞ்சள் பெயின்ட்டை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஆக, நாங்கள் தூக்கிக் காட்டியது இருபத்திரண்டு டன். கண்ணாடிச் சட்டத்தில் தொங்கும் சான்றில் இருபத்தைந்து.

அவர் என் மேசைக்கு வந்தபோது முகம் வெளுத்திருந்தது. சீட்டை என் முன்னால் வைத்தார். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, “மேடம், இந்தச் சீட்ட நீங்க பாக்கவே இல்ல. நானும் பாக்கல.”

அவர் வெற்று ஒய்-ஒய் தாள் ஒன்றை உருவினார்.

“எதுக்கு மேடம் வம்ப வெலைக்கு வாங்குதீங்க? கிரேன் இருபது டன்னுதான் தூக்கப் போவுது. இருவத்திரெண்டு தூக்கிக் காட்டியாச்சுல்லா? ஒரு ஆபத்தும் கெடையாது. இதக் கிளப்புனா சான்று செல்லாது. அந்த சாரு பேரு நாறும். அவருகிட்டதான உங்க படிவம் கெடக்கு? உங்க உரிமம் அவரு கையிலதான மேடம் இருக்கு?”

“தெரியும்பா.”

“தெரிஞ்சுமா எழுதுதீங்க?”

“எடைய ஏற்பாடு பண்ணது யாரு? நானு. பெயின்ட்ட நம்புனது யாரு? நானு. அப்பால இன்னா?” என்றார். ஐந்து ‘ஏன்’களையும் நிரப்பி, பொறுப்பு என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினார். எழுதிவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்காத மாதிரி கிரீஸ் அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

கிரேன் நின்றது. பிரஸ் ஷாப் ஒன்றரை நாள் நின்றது. ஆலையின் தலைவரான பிளான்ட் ஹெட் அவரைக் கூப்பிட்டுக் கண்ணாடி அறைக்குள் பேசியது வெளியே நின்ற எங்களுக்குக் கேட்கவில்லை. பிளான்ட் ஹெட்டின் கை போன போக்கு மட்டும் தெரிந்தது. மறுநாள் காலை வெள்ளைக் கார் வந்தது. அன்று அந்தப் பெரிய மனிதர் டீ வேண்டாம் என்றார், பிஸ்கட் வேண்டாம் என்றார். வெளியே விடாமல் நிறுத்திவைத்திருந்த டையையும் சுருளையும் ஒவ்வொன்றாக எடைமேடையில் ஏற்றி இறக்கச் சொல்லி, சீட்டைத் தன் கையால் வாங்கிக் கூட்டிப் பார்த்தார். குறைந்த எடைக்கு இன்னொரு சுருள் ஏற்றினோம். கிரேன் தூக்கியது. பழைய சான்றின் குறுக்கே கோடு போட்டு ‘ரத்து’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். புதிய சான்றில் முத்திரை குத்தினார்.

காரில் ஏறும் முன், “இத்தன வருஷத்துல நான் போட்ட சான்று ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லம்மா” என்றார்.

“தெரியும் சார்” என்றார் மேடம்.

அவ்வளவுதான் பேச்சு. படிவத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. “ஒரு ஃபோன் போட்டு மன்னிப்பு கேளுங்க மேடம், பெரிய மனுசன், மனசு இறங்கிருவாரு” என்று தினமும் நச்சரித்தேன். “தப்புக்கு மன்னிப்பு கேக்கலாம். இது சரிபா. இதுக்கு இன்னா கேக்கறது?” என்பார். நாள் போய்க்கொண்டே இருந்தது. எழுதி முடித்திருந்த விண்ணப்பத்தை அனுப்பியதோடு சரி, பரிந்துரை போய்ச் சேர வேண்டிய கடைசித் தேதியும் போனது. அவர் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மதிய இடைவேளையில் நேர்காணலுக்குக் குறிப்பு எழுதுவதை மட்டும் நிறுத்திவிட்டார். எனக்கு அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை.

பிறகு ஒருநாள் நேர்காணலுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அப்படியானால் பரிந்துரை போயிருக்கிறது. ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறார்?

நேர்காணலைப் பற்றி அவர் எனக்குச் சொன்னதைத்தான் நான் சொல்ல முடியும். மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஒரு தாளைக் கையில் எடுத்து, “உங்களுக்குப் பரிந்துரை எழுதியவர் உங்களுடைய ஒரே ஒரு வேலையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்” என்று சொல்லிப் படித்தாராம். டை, மஞ்சள் பெயின்ட், எடைச்சீட்டு, ரத்தான சான்று. நடந்தது நடந்தபடி. நல்லவர் என்றும் இல்லை, கெட்டவர் என்றும் இல்லை. கடைசி வரி: ‘மற்றதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.’

“அதோட முடிஞ்சிதுனு நெனச்சேன்பா. காலு ஷூக்குள்ள ஜில்லுனு ஆயிட்சி” என்றார்.

ஒருவர் கேட்டாராம்: “இருபது டன் கிரேன், இருபத்திரண்டு தூக்கியிருக்கிறது. பாதுகாப்பாகத்தானே இருந்தது? எதற்காக நிறுத்தினீர்கள்?” மேடம் அங்கே பேசுவதற்கென்று நல்ல தமிழும் நல்ல இங்கிலீஷும் ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தார். பதற்றத்தில் எல்லாம் பறந்துபோய்விட்டது. “கிரேன் நல்லாதான் சார் கீது. பேப்பருதான் பொய் சொல்லிகினு கீது. கீழ வேல செய்யறவன் கிரேன பாத்தா நிக்கறான்? அந்த பேப்பர நம்பிதான் நிக்கறான்” என்று மணிமங்கலத்துத் தமிழிலேயே சொல்லிவிட்டாராம். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் கேள்வி. கயிறு, பிரேக், விரிசல், உலோகம். விடவே இல்லை. வெளியே வந்தபோது மாமியாரும் கணவரும் வாசலில் பிள்ளையோடு நின்றிருந்தார்கள். “லைசென்ஸு குட்தாங்களா, எட்டு போட சொன்னாங்களா?” என்று மாமியார் கேட்டாராம்.

அந்தப் பெரியவர் கோபத்தில் அப்படி எழுதினாரா, மரியாதையில் எழுதினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மேடமும் அவரிடம் கேட்டதில்லை. நான் கேட்டால், “உள்ளத எழுதினாரு. எனக்கு அது போதும்” என்று முடித்துவிடுவார்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்த அன்று அவர் என் மேசையில் உறையை வைத்து, “படி” என்றார். மனதுக்குள் படித்தேன். “சத்தமா படிபா.” அவர் பெயரைப் போட்டு, உரிமம் பெற்ற பொறியாளராகப் பதிவு செய்யப்பட்டுள்ளார் என்ற வரியை உரக்கப் படித்தேன். “இன்னொரு தபா.” படித்தேன். மூன்றாவது முறை படிக்கும்போது ஷாப்பில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். அவரோ நிமிர்ந்து நின்று, இதுவே தாமதம் என்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் தன் பெயரைக் கேட்டார். சொன்னேனே, தலைக்கனம்.

அடுத்த வருடச் சோதனைக்கு வெள்ளைக் கார் வரவில்லை. எங்கள் ஆலையிலிருந்தே ஒருவர் கையெழுத்துப் போடப் போகிறார் என்பதில் பிளான்ட் ஹெட்டுக்குக்கூட உள்ளூரப் பெருமைதான். பூங்கொத்து வரவழைத்திருந்தார். இரண்டு தட்டு நிறைய லட்டு. மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் படம் எடுக்கத் தயாராக நின்றாள். ஷிஃப்ட் முடிந்த ஆட்கள்கூடப் பேருந்தில் ஏறாமல் நின்றார்கள். மேடம் எடைச்சீட்டுகளை ஒட்டுமொத்தமாகப் பலகையில் ஒட்டிவைத்து, இருபத்தைந்து டன்னைத் தொங்கவிட்டார். கிரேன் முனகாமல் தூக்கியது. கைதட்டினோம். அளந்தார், குறித்தார், எல்லாம் சரி.

கடைசியாக ஹூக். கிரேனின் அந்தப் பெரிய கொக்கியில் சிவப்புச் சாயம் பூசி, ஊற விட்டு, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடி தெளிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், உள்ளே இறங்கிய சாயம் வெள்ளைக்கு மேலே கசிந்து வரும். ஒவ்வொரு வருடமும் செய்வதுதான். ஒரு வருடமும் வந்ததில்லை. பொடி காய்வதற்குப் பத்து நிமிடம். லட்டுத் தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தார்கள்.

கொக்கியின் கழுத்தில், மெல்ல, தலைமுடி கனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு வந்தது. அரை நகம் நீளம்கூட இருக்காது.

முதலில் பார்த்தவர் அவர்தான். பிளான்ட் ஹெட் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். “மேலாக்க கீறல்தானே மேடம்? லேசா தேய்ச்சிட்டா போயிடும். இன்னைக்கு நல்ல நாள்...” என்று இழுத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அங்கே நின்ற எல்லோர் மனதிலும் அதுதான் இருந்தது. என் மனதிலும் அதுதான். இத்தனை பாடுபட்டு வந்த நாளில், அரை நகக் கோடு.

“தேச்சா கோடு போயிடும் சார். வெரிசல் எவ்ளோ ஆழம்னு யாருக்குத் தெரியும்?” என்றார் மேடம். “வருசம் பூரா மேல ஏறி நான் பாத்த ஹூக்கு. என் கண்ணுல படாம வந்துகீது.”

துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போனார். சான்றுப் படிவத்தில் இரண்டு வரிகள் அச்சாகியிருக்கும். ஒன்று ‘பயன்படுத்தத் தகுதியானது.’ மற்றொன்று ‘தகுதியற்றது.’ முதல் வரியின் மேல் ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டு அடித்தார். படம் எடுக்க வந்த பெண் என்ன செய்வது என்று தெரியாமல் ஃபோனைத் தாழ்த்தினாள்.

“இன்னாத்துக்கும்மா எறக்கற? எடு” என்றார். “மொத கையெழுத்து.”

கையெழுத்தைப் போட்டார். டப்பாவிலிருந்து புது முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, அழுத்திக் குத்தினார். தாளை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். பிரஸ் ஷாப் இரண்டு நாள் நிற்கப் போகிறது என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். கிரேனின் சாவியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு அவர் எங்களைப் பார்த்தார்.

“இன்னா முழிச்சிகினு நிக்கறீங்க? லட்டு எடுங்க.”

என் வேலையை நினைத்து அன்றைக்குப்போல் நான் ஒருநாளும் பெருமைப்பட்டதில்லை. முதலில் கை நீட்டியது பிளான்ட் ஹெட்தான். அடுத்து நான் போனேன். இரண்டு எடுத்துக்கொண்டேன்.